மறுநிரப்பிய ஷாட்கன் தோட்டா வெடிக்காமல் போனால்: துப்பாக்கியா, பிரைமரா, பிரஸ்ஸா?

அமெரிக்காவில் டிராப் எனப்படும் களிமண் தட்டுச் சுடுதலில் ஈடுபடுபவர்கள் பலர் தங்கள் தோட்டாக்களைத் தாங்களே மறுநிரப்பிக் கொள்கிறார்கள். ஒரு சுற்றுக்கு 25 தட்டுகள் என்ற கணக்கில், ஒரே மாலையில் 100 தோட்டாக்கள் செலவாகிவிடும் விளையாட்டு இது. சுட்ட தோட்டாவின் பிளாஸ்டிக் கூடு பல முறை பயன்படக்கூடியது. கூட்டின் அடியில் இருந்து, அடிபட்டதும் தீப்பிடித்து வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு தொப்பியான பிரைமரில் பழையதை வெளியேற்றிப் புதியதைப் பொருத்தி, வெடிமருந்து, அதையும் ரவையையும் பிரிக்கும் அடைப்பான வாட், சிறு குண்டுகளான ஈய ரவை ஆகியவற்றை வரிசையாக இட்டு வாயை மடித்துவிட்டால் மீண்டும் தோட்டா தயார். சொந்தப் பயன்பாட்டுக்காக இப்படி நிரப்பிக்கொள்வதற்கு அங்கே கூட்டரசின் உரிமம் தேவையில்லை. விற்பதற்காக நிரப்பினால்தான் தேவை. இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிப்பதற்கே உரிமம் வேண்டும் என்பதால், இங்கே எழுதுவது அமெரிக்காவில் வசித்து அங்குள்ள மைதானங்களில் சுடுகிறவர்களுக்கே உரியது.

இப்படி நிரப்பிய தோட்டா, விசையை இழுத்தபோது 'கிளிக்' என்ற சத்தத்தோடு நின்றுவிட்டால், சுடுபவர் முன் மூன்று வழிகள் வந்து நிற்கின்றன. துப்பாக்கியைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து பிரைமரை அடிக்கும் ஊசியான ஃபயரிங் பின்னையும், அந்த அடிக்கு விசை தரும் ஸ்பிரிங்கையும் மாற்றலாம். இன்னும் எளிதில் தீப்பிடிக்கும் பிரைமருக்கு மாறலாம். அல்லது கைப்பிடியை அழுத்தித் தோட்டா மறுநிரப்பும் கருவியான பிரஸ்ஸில் பிரைமர் பொருத்தும் நிலையைச் சரிபார்க்கலாம். மைதானத்தில் பிறர் சொல்லும் ஆலோசனை பெரும்பாலும் இரண்டாவது வழியாகவே இருக்கும், ஏனென்றால் அதற்குக் கடைக்குப் போனால் போதும். என் தெளிவான கருத்து, அது மூன்றிலும் கடைசியாக நாட வேண்டிய வழி என்பதும், பணம் எதுவும் கேட்காத மூன்றாவது வழியையே முதலில் பார்க்க வேண்டும் என்பதும்தான். அதற்கான காரணங்களைச் சொல்வதற்கு முன், 'கிளிக்' கேட்ட அந்த நொடியில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பழுது எங்கே இருக்கிறது என்று ஆராய்வதற்கு முதலில் கையும் கண்ணும் முழுதாக இருக்க வேண்டும்.

வெடிக்காத தோட்டா உடனே செத்த தோட்டா ஆகிவிடாது. பிரைமரில் பிடித்த தீ மருந்தை அடையத் தாமதமாகி, சில நொடிகள் கழித்து வெடிப்பது அரிது என்றாலும் நடக்கக்கூடியது. ஆகவே குழலை இலக்கின் திசையிலேயே வைத்து, குறைந்தது 30 நொடிகள் பொறுத்திருந்து, பிறகு, குழலின் பின்முனையில் தோட்டா இருக்கும் அறைக்கு நேராக முகத்தை வைக்காமல் திறக்க வேண்டும். திறந்ததும் குழலுக்குள் வெளிச்சம் முழுதாகத் தெரிகிறதா என்று மறுமுனை வரை பார்ப்பது அடுத்த கடமை. மருந்தே விழாமல் நிரப்பப்பட்ட தோட்டாவில் பிரைமர் மட்டும் 'டப்' என்று வெடித்து, வாட்டையும் ரவையையும் குழலின் நடுவில் கொண்டுபோய் நிறுத்திவிடக்கூடும். அதைக் கவனிக்காமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் வெடிக்கும். இதைவிட மோசமான இன்னொன்றும் உண்டு: 12 கேஜ் துப்பாக்கியில் தவறுதலாக, அதைவிட ஒல்லியான 20 கேஜ் தோட்டாவைப் போட்டால் (கேஜ் என்பது குழல் அகலத்தின் அளவு; எண் கூடினால் அகலம் குறையும்), அது அறையைக் கடந்து வழுக்கிச் சென்று குழலுக்குள் சிக்கிக்கொள்ளும். விசையை இழுத்தால் வெறும் 'கிளிக்'. திறந்து பார்த்தால் அறை காலியாகத் தெரியும். தோட்டா போட மறந்துவிட்டோம் என்று எண்ணி 12 கேஜ் தோட்டாவை இட்டுச் சுட்டால், முன்னால் நிற்கும் தோட்டாவும் சேர்ந்து குழலைக் கிழித்துவிடும். 20 கேஜ் தோட்டாக்களை மஞ்சள் நிறத்தில் செய்வது இந்த ஆபத்துக்காகத்தான். வீட்டில் இரண்டு அளவும் நிரப்புகிறவர்கள் இரண்டையும் ஒரே பையில் எடுத்துச் செல்லவே கூடாது.

இனி பழுதைத் தேடுவோம். வெடிக்காத தோட்டாவைத் தூக்கி எறிந்துவிட்டால், இருக்கும் ஒரே சாட்சியையும் எறிந்துவிட்டோம் என்று பொருள். அதன் பிரைமரில் ஃபயரிங் பின் பதித்த குழியை, அதே துப்பாக்கியில் ஒழுங்காக வெடித்த ஒரு தோட்டாவின் குழியோடு நல்ல வெளிச்சத்தில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்க வேண்டும். ஒப்பிடும்போது ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும்: வெடித்த பிரைமரின் உலோகம் உள்ளிருந்து வந்த அழுத்தத்தால் பின்னோக்கித் தள்ளப்பட்டு வடிவம் மாறியிருக்கும், ஆகவே இரண்டு குழிகளும் அச்சு அசலாக ஒத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பார்க்க வேண்டியது, குழி நடுவில் விழுந்திருக்கிறதா, ஆழமாகவும் வட்டமாகவும் இருக்கிறதா, அல்லது நகத்தால் கீறியதுபோல் மேலோட்டமாக இருக்கிறதா என்பதுதான்.

குழியே இல்லை என்றால் பிரைமரைக் குறை சொல்ல வழியே இல்லை. அடி விழவே இல்லை. மேல்கீழ் இரட்டைக்குழல் துப்பாக்கிகள் பலவற்றில், முதல் குழல் சுடும்போது வரும் பின்னுதைப்பே விசையை இரண்டாவது குழலுக்கு மாற்றித் தருகிறது. முதல் தோட்டா வெடிக்காவிட்டால், அல்லது மிக இலேசாக நிரப்பிய தோட்டாவின் உதைப்பு போதாவிட்டால், இரண்டாவது குழலுக்கான விசை இறந்ததுபோல் கிடக்கும். அதை இரண்டாவது தோட்டாவின் பழுது என்று எண்ணி ஒரு பெட்டித் தோட்டாவையே சந்தேகிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். குழி ஓரமாக விழுந்திருந்தாலும் துப்பாக்கியையே நோக்க வேண்டும். குழி நடுவில், நல்ல ஆழத்தில் இருந்தும் வெடிக்கவில்லை என்றால் மட்டுமே பிரைமரின் மேல் நியாயமான சந்தேகம் எழுகிறது. ஆனால் பெரும்பாலும் கையில் இருப்பது இந்த மூன்றும் அல்ல; நடுவில் விழுந்த, ஆனால் ஆழமற்ற குழி. அதற்குக் காரணம் துப்பாக்கியாகவும் இருக்கலாம், பிரஸ்ஸாகவும் இருக்கலாம். குழப்பம் தொடங்கும் இடம் அதுதான்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க ஒரு குறிப்பு இருக்கிறது. பொறுத்திருந்து எடுத்த தோட்டாவை மீண்டும் அறையில் இட்டுச் சுட்டபோது இரண்டாவது அடியில் அது இயல்பாக வெடித்ததா? வெடித்தது என்றால், முதல் அடியின் விசை எங்கோ வீணாகியிருக்கிறது. ஷாட்கன் தோட்டாவில் பயன்படும் 209 வகைப் பிரைமருக்குச் சுற்றிலும் ஒரு மெல்லிய விளிம்பு உண்டு. அந்த விளிம்பு கூட்டின் அடியில் உள்ள பள்ளத்தில் முழுதாக அமர்ந்திருந்தால், ஃபயரிங் பின் அடிக்கும்போது பிரைமர் அசைய இடமில்லை; அடி முழுவதும் உள்ளே இருக்கும் தீமருந்தை நசுக்குவதற்கே செலவாகும். விளிம்பு முழுதாக அமராமல் ஒரு மயிரிழை வெளியே நின்றால், முதல் அடி பிரைமரை உள்ளே தள்ளி அமர்த்துவதிலேயே தீர்ந்துபோகும். இரண்டாவது அடிக்கு முன் பிரைமர் அமர்ந்துவிட்டதால் அது வெடிக்கிறது. சுருங்கச் சொன்னால், பிரஸ் செய்து முடிக்காத வேலையைத் துப்பாக்கி செய்து முடித்திருக்கிறது. தளர்ந்த ஸ்பிரிங்கும் சில நேரம் இரண்டாவது அடியில் வெடிக்க வைக்கும் என்பதால், இந்தக் குறிப்பு மட்டும் தீர்ப்பாகாது. ஆனால் விரல் நீட்டும் திசை பிரஸ்ஸின் பக்கம்தான்.

பிரஸ்ஸை முதலில் பார்க்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்கு இது ஒரு காரணம். மற்றொரு காரணம், அதைச் சோதிக்க ஐந்து நிமிடம் போதும் என்பது. மீதமுள்ள தோட்டாக்களை ஒவ்வொன்றாகக் கண்ணாடி போன்ற சமதளத்தில் நிறுத்தி மெல்ல ஆட்டிப் பார்த்தால், பிரைமர் துருத்திக்கொண்டு நிற்கும் தோட்டா தள்ளாடும். விரல் நுனியை அடிப்பகுதியின் குறுக்கே தடவினாலும் தெரியும்; நேரான உலோக அளவுகோலைக் குறுக்கே வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். பிரைமர் அடிப்பகுதியோடு சமமாகவோ மிகச் சிறிதளவு உள்ளேயோ இருக்க வேண்டும். அளவுக்கு மீறி உள்ளே போயிருந்தால் அதுவும் பழுதுதான், ஏனென்றால் ஃபயரிங் பின் எட்டவேண்டிய தூரம் கூடி, அடி மேலோட்டமாக விழும்.

விஸ்கான்சின் மாநிலத்தின் மேவில் ஊரில் உள்ள மெக் நிறுவனத்தின் 600 ஜூனியர் போன்ற ஒற்றைத் தோட்டாப் பிரஸ்களே வீடுகளில் மிகுதியாகக் காணப்படுகின்றன. அவற்றில் பிரைமர் அரைகுறையாக அமர்வதற்கான காரணங்கள் பெரும்பாலும் அற்பமானவை. பிரைமரைத் தாங்கும் இடத்தில் சிந்திய மருந்துத் துகளும் ரவையும் சேர்ந்து கிடப்பது ஒன்று. பிரஸ் பலகையில் இறுக்கமாகப் பொருத்தப்படாமல், கைப்பிடியை அழுத்தும்போது அதன் விசையில் ஒரு பங்கைப் பலகையே வளைந்து வாங்கிக்கொள்வது மற்றொன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, கைப்பிடியை ஒவ்வொரு முறையும் கடைசி வரை இறக்காத பழக்கம் இருக்கிறது. அவசரமாகவும் பேச்சுக் கொடுத்துக்கொண்டும் நிரப்பும்போதுதான் இது நேர்கிறது, அதனால்தான் ஒரு பெட்டியில் நான்கைந்து தோட்டாக்கள் மட்டும் வெடிக்காமல் மற்றவை ஒழுங்காகச் சுடுகின்றன. அவ்வப்போது தோன்றி மறையும் பழுதுக்கு நிலையான காரணத்தைத் தேடி ஸ்பிரிங் மாற்றுவதில் பயனில்லை.

பிரஸ்ஸின் பழுது துப்பாக்கியின் பழுதுபோல் வேடமிட்டு வருவதும் உண்டு. பம்ப், செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கிகளில் தோட்டாவின் அடிப்பகுதி சற்றே பருத்திருந்தால், அறையைப் பின்னிருந்து மூடும் போல்ட் முழுதாக மூடாது. ஃபயரிங் பின்னை அடிக்கும் சுத்தியல் விழும்போது அதன் விசையில் ஒரு பகுதி போல்ட்டை மூடுவதற்கே போய்விட, பிரைமரில் இலேசான குழிதான் விழும். மலிவான தோட்டாக்களில் பித்தளைக்குப் பதில் பித்தளைப் பூச்சுள்ள எஃகு அடிப்பகுதி இருக்கும். எஃகை அழுத்திச் சிறிதாக்கினாலும் அது ஓரளவு மீண்டும் விரியும் தன்மையுடையது. இதே தோட்டாக்கள் நண்பரின் மேல்கீழ் இரட்டைக்குழலில் எந்தத் தடையுமின்றி வெடித்தால், உடனே 'என் துப்பாக்கியில்தான் கோளாறு' என்று முடிவுகட்டத் தோன்றும். அதற்கு முன், நிரப்பிய தோட்டாக்களைக் கழற்றிய குழலின் அறையிலோ, அதற்கென விற்கும் அளவு வளையத்திலோ இட்டுப் பார்க்க வேண்டும். தன் எடையிலேயே முழுதாக இறங்காத தோட்டா அந்தத் துப்பாக்கிக்கு உதவாது.

இப்போது துப்பாக்கியின் வழக்குக்கு வருவோம். இதை ஏற்பதா தள்ளுவதா என்று சொல்ல ஒரு எளிய சோதனை போதும்: அதே துப்பாக்கியில் தொழிற்சாலைத் தோட்டாக்களைச் சுட்டுப் பார்ப்பது. அவையும் வெடிக்காமல் நின்றால் வேறு விசாரணையே வேண்டாம், துப்பாக்கிதான். இரட்டைக்குழலில் பழுதெல்லாம் ஒரே குழலில் மட்டும் நேர்கிறது என்றாலும் அப்படியே, ஏனென்றால் ஒரே பெட்டியிலிருந்து எடுத்த தோட்டாக்கள் மேல்குழல், கீழ்க்குழல் என்று பாகுபாடு பார்ப்பதில்லை. வெடிக்காத தோட்டா எந்தக் குழலில் இருந்தது என்பதை ஒரு பேனாவால் அதன் மேலேயே குறித்துவைக்கும் பழக்கம் இதற்கு மிகவும் உதவும்.

துப்பாக்கிதான் என்று தெரிந்த பின்னும் ஸ்பிரிங் வாங்க ஓட வேண்டியதில்லை. ஃபயரிங் பின் ஓடும் துளையில் பழைய எண்ணெயும் எரியாத மருந்துத் துகளும் சேர்ந்து பிசினாகி, பின்னின் வேகத்தைக் குறைப்பது மிகப் பரவலான காரணம். டிசம்பர், ஜனவரி மாதங்களில் இல்லினாய், ஒஹாயோ மைதானங்களின் குளிரில் தடித்த எண்ணெய் இன்னும் இறுகும். கோடையில் ஒழுங்காக இருந்த துப்பாக்கி குளிர்காலத்தில் மட்டும் தகராறு செய்வதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். கழற்றிச் சுத்தம்செய்து, எண்ணெயைத் துடைத்து மிக மெல்லிய படலமாக மட்டும் விட்டபின்பும் குழி ஆழமாக விழவில்லை என்றால், ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், ஃபயரிங் பின்னின் நுனி தேய்ந்தோ ஒடிந்தோ இருக்கலாம். இந்த வேலையை அனுபவமுள்ள பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பதே சரி. செலவும் உண்டு, பருவத்தின் நடுவில் சில வாரங்கள் துப்பாக்கி இல்லாமல் இருக்கவும் நேரும். ஆனால் தேவைப்படும்போது இதற்கு மாற்றே இல்லை. தளர்ந்த ஸ்பிரிங்கை எந்தப் பிரைமராலும் இறுக்க முடியாது.

பிரைமரை மாற்றும் வழியைப் பற்றி விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எளிதாகத் தோன்றி அதிகம் ஏமாற்றுவது அதுதான். 209 என்ற எண் எல்லாப் பெட்டியிலும் இருப்பதால், வின்செஸ்டர், ஃபெடரல், ரெமிங்டன், சிசிஐ, செடைட், ஃபியோக்கி ஆகிய நிறுவனங்களின் பிரைமர்களை ஒன்றுக்குப் பதில் மற்றொன்றாகப் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் பலருக்கு வந்துவிடுகிறது. அளவிலும் அவை முழுதாக ஒன்றல்ல, வெப்பத்திலும் ஒன்றல்ல, உலோகத் தொப்பியின் கடினத்திலும் ஒன்றல்ல. ஃபெடரல் 209ஏ எளிதில் தீப்பிடிப்பது என்ற பெயர் பெற்றது, அதோடு மிகவும் வெப்பமாக எரிவதும் அதுவே. இலேசான அடி விழும் துப்பாக்கியில் அது வெடித்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் வேறொரு பிரைமருக்காகச் சோதிக்கப்பட்ட மருந்து அளவில் அதைப் பொருத்தினால் அறையின் அழுத்தம் முன்பிருந்ததைவிட ஆயிரம் பி.எஸ்.ஐ.க்கும் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) மேல் கூடிவிடலாம். அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர்களின் தர அமைப்பான சாமி (SAAMI), 2¾ அங்குல 12 கேஜ் தோட்டாவுக்கு வைத்திருக்கும் உச்ச சராசரி அழுத்தம் 11,500 பி.எஸ்.ஐ. சுடுபவர்கள் விரும்பும் பல டிராப் அளவுகள் ஏற்கெனவே அந்த எல்லைக்கு வெகு அருகில் இருப்பவை. 'கிளிக்' சத்தத்தைத் தீர்க்கப் போய், கண்ணுக்குத் தெரியாத, காதுக்கும் தெரியாத ஓர் ஆபத்தைத் தோட்டாவுக்குள் ஏற்றிவிடுகிறோம். மருந்து உற்பத்தியாளர் வெளியிட்ட அட்டவணையில் கூடு, பிரைமர், மருந்து, வாட், ரவை எடை ஐந்தும் ஒரே வரியில் இருப்பதற்குக் காரணம், அவற்றில் ஒன்றை மாற்றினாலும் அது வேறு தோட்டாவாகிவிடுகிறது என்பதே.

2020ஆம் ஆண்டில் தொடங்கிய பிரைமர் தட்டுப்பாடு இந்தப் பழக்கத்தை வளர்த்துவிட்டது. ஆயிரம் பிரைமர் முப்பது டாலர் சுற்றளவில் கிடைத்த காலம் போய், விலை பல இடங்களில் இரண்டு மடங்குக்கும் மேல் ஏறியது; வழக்கமாக வாங்கும் வகை கிடைக்காதபோது, ஐரோப்பாவிலிருந்து வந்த எந்தப் பிரைமர் கிடைத்தாலும் மக்கள் வாங்கினார்கள். தரத்தில் அவை குறைந்தவை அல்ல. ஆனால் செடைட் போன்ற ஐரோப்பியப் பிரைமர்களின் விட்டம் அமெரிக்கப் பிரைமர்களைவிட அங்குலத்தின் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு கூடுதல். அமெரிக்கக் கூட்டில் அதை அமர்த்தக் கைப்பிடியில் கூடுதல் அழுத்தம் வேண்டும்; வழக்கமான அழுத்தத்தில் நிறுத்திவிட்டால் பிரைமர் துருத்திக்கொண்டு நிற்கும். அதாவது பிரைமரை மாற்றியதே பிரஸ்ஸின் பழுதை உண்டாக்குகிறது. பிறகு அதே கூட்டில் மீண்டும் அமெரிக்கப் பிரைமரைப் பொருத்தினால், அகன்றுவிட்ட பிரைமர் துளையில் அது பிடிமானமின்றித் தளர்ந்து அமரும், பயணத்தின் அதிர்விலேயே பின்னுக்கு நகரக்கூடும், சுடும்போது பிரைமரைச் சுற்றி வாயு கசிந்து கரிய வளையம் பதியும். அப்படிக் கரிய வளையம் பதிந்த கூட்டையும், பிரைமர் எந்தத் தடையுமின்றி வழுக்கிக்கொண்டு இறங்கும் கூட்டையும் குப்பையில் போட வேண்டும். வின்செஸ்டர் ஏஏ, ரெமிங்டன் எஸ்டிஎஸ் போன்ற நல்ல கூடுகளை இழக்க மனம் வராது என்பது தெரியும். இருந்தாலும் கூட்டின் விலை அவ்வளவுதான். பெரிய விட்டமுள்ள பிரைமரைப் பயன்படுத்தத் தொடங்கிய கூடுகளைத் தனியே பிரித்துவைத்து, அவற்றின் ஆயுள் முடியும்வரை அதே பிரைமரையே அவற்றுக்குப் பயன்படுத்துவது இந்தச் சிக்கலை வராமலே தடுக்கும்.

பிரைமரே பழுதானதாக இருக்க வாய்ப்பில்லையா என்றால், உண்டு, ஆனால் அரிது. அதை உறுதிசெய்ய, அதே பெட்டிப் பிரைமர்களை வெறும் கூடுகளில் கவனமாக, முழுதாக அமர்த்தி, மருந்தும் ரவையும் இல்லாமல், மைதானத்தில் காதுக்காப்பும் கண்ணாடியும் அணிந்து சுட்டுப் பார்க்கலாம். அமர்வை அளவுகோலால் சரிபார்த்த பின்னும், நன்றாக வேலைசெய்யும் துப்பாக்கியில், ஆழமான குழி விழுந்தும் அவை வெடிக்கவில்லை என்றால் பிரைமர்மீது குற்றம் உறுதியாகிறது. அப்போது பெட்டியில் உள்ள தொகுதி எண்ணோடு உற்பத்தியாளருக்கு எழுத வேண்டும். அதே வகையில் வேறு தொகுதியை வாங்குவதுதான் முதல் தெரிவு. வேறு வகைக்கு மாறினால் அதற்குரிய அட்டவணை வரிக்கும் சேர்ந்தே மாற வேண்டும்.

பிரைமரை மாற்றுவது நியாயமாகும் இடம் ஒன்று இருக்கிறது. அது உண்மையில் 'கிளிக்' பழுது அல்ல. பிரைமர் வெடிக்கிறது, ஆனால் மருந்து சரியாகப் பிடிக்கவில்லை. ஓங்கிய சத்தத்துக்குப் பதில் 'புஸ்' என்று ஒரு சோர்ந்த சத்தம் வருகிறது, குழலில் எரியாத மருந்து மணிகள் கொட்டிக் கிடக்கின்றன. மந்தமாக எரியும் மருந்தும், கடுங்குளிரும், தளர்ந்த வாய்மடிப்பும் சேர்ந்தால் இது நேரும். மருந்து ஒழுங்காக எரிவதற்குத் தொடக்கத்திலேயே எதிர்ப்பு வேண்டும். வாட் மருந்தின்மேல் நன்றாக அமராமலோ வாய்மடிப்பு தளர்ந்தோ இருந்தால், அழுத்தம் எழுவதற்குள் ரவை நகர்ந்துவிடும். ஆகவே முதலில் மடிப்பின் இறுக்கத்தையும், மருந்து ஒவ்வொரு முறையும் முழு அளவு விழுகிறதா என்பதையும் தராசில் இட்டுப் பார்க்க வேண்டும். அவை சரியாக இருந்தும் குளிரில் மட்டும் சோர்வு தொடர்ந்தால், வெப்பம் கூடிய பிரைமரைக் கொண்ட, வெளியிடப்பட்ட வேறொரு அளவுக்கு மாறுவது சரியான முடிவு. இங்கும் ஒவ்வொரு சோர்ந்த சத்தத்துக்குப் பிறகும் குழலைத் திறந்து பார்ப்பதிலிருந்து விலக்கு இல்லை.

எஞ்சிய கேள்வி, பழுதான தொகுதியில் மிச்சமிருக்கும் தோட்டாக்களை என்ன செய்வது என்பது. சிலர் துருத்திய பிரைமரை, நிரப்பிய தோட்டாவிலேயே பிரஸ்ஸில் வைத்து மீண்டும் அழுத்தி அமர்த்துகிறார்கள். இதை எந்த நிலையிலும் செய்யக் கூடாது. மருந்தும் ரவையும் உள்ள தோட்டாவின் பிரைமரை, முகத்துக்கு ஒரு முழத் தொலைவில், இரும்புத் தண்டால் அழுத்துவது ஷாட்கனை மேசையின்மீது பிடிமானமின்றிச் சுடுவதற்குச் சமம். தடுத்து நிறுத்தக் குழல்கூட அங்கே இல்லை.

பயிற்சியில் சுட்டுத் தீர்ப்பது இன்னொரு தெரிவு. காரணம் இன்னதென்று உறுதியாகத் தெரிந்து, அது சிறிதளவு துருத்திய பிரைமர் மட்டுமே என்றால், மடக்கித் திறக்கும் துப்பாக்கியில், ஒவ்வொன்றாக இட்டு, மூடும்போதும் குழலை இலக்கின் திசையில் வைத்துச் சுடுவதை ஏற்கலாம். மூடும்போது சிறிதேனும் தடை தெரிந்தால் அந்தத் தோட்டாவை எடுத்துவிட வேண்டும், வலிந்து மூடக் கூடாது. பம்ப் துப்பாக்கியிலும் செமி ஆட்டோமேட்டிக்கிலும் இந்தத் தெரிவே கிடையாது, ஏனென்றால் வேகமாக முன்னேறி மூடும் போல்ட், துருத்திய பிரைமரை அடித்து, போல்ட் பூட்டிக்கொள்வதற்கு முன்பே வெடிக்கச் செய்யக்கூடும். மருந்து அளவில் சந்தேகம் இருந்தால் எந்தத் துப்பாக்கியிலும் சுடக் கூடாது.

பிரித்துவிடுவதே நான் தேர்வது. மழுங்காத கத்தியால் வாய்மடிப்புக்குக் கீழே கூட்டை வெட்டி, ரவையைத் தனியே கொட்டி மீண்டும் பயன்படுத்தலாம். இதில் விலையுயர்ந்த பொருள் அதுதான், அது வீணாவதில்லை. மருந்தை மட்டும் எந்த டப்பாவிலும் திரும்பக் கொட்டக் கூடாது. எந்த மருந்து என்று நமக்கு நிச்சயமாகத் தெரியும் என்று தோன்றினாலும், ஒரு பெட்டியில் தவறு நேர்ந்திருக்கிறது என்பதுதானே நாம் பிரிப்பதற்குக் காரணம். அதைப் புல்வெளியில் மெல்லியதாகத் தூவிவிடலாம். வாட்டையும் எடுத்தபின் எஞ்சும், அடிபடாத பிரைமருள்ள வெறும் கூட்டை மைதானத்தில் துப்பாக்கியிலேயே இட்டு வெடித்துத் தீர்க்கலாம். ஃபயரிங் பின் குழி பதிந்தும் வெடிக்காத பிரைமரைப் பிரஸ்ஸின் தண்டால் பின்னிருந்து குத்தி வெளியேற்ற முயலவே கூடாது. ஏற்கெனவே நசுங்கிய தீமருந்து எந்த அழுத்தத்தில் தீப்பிடிக்கும் என்று சொல்ல முடியாது. எண்ணெயில் ஊறவைத்தால் செத்துவிடும் என்ற நம்பிக்கையையும் நம்பி நடக்கக் கூடாது. வெடிக்காத தோட்டாக்களுக்கென்று பல மைதானங்களில் ஒரு தனிப் பெட்டி வைத்திருப்பார்கள். அவற்றை அதில் சேர்த்துவிடலாம்.

பிரித்து முடித்த பிறகு, பிரஸ்ஸைச் சுத்தம்செய்து, பலகையோடு இறுக்கி, கண்ணாடித் தளத்தில் நிறுத்திப் பார்த்து ஒவ்வொரு தோட்டாவையும் ஏற்றுக்கொண்டு நிரப்பும் அடுத்த தொகுதியைத் தனிப் பெட்டியில் வைத்து, அதன்மேல் நிரப்பிய தேதி, பிரைமரின் தொகுதி எண், மருந்தின் பெயரும் அளவும் எழுதிவைக்க வேண்டும். அந்தப் பெட்டி முழுவதும் அதே துப்பாக்கியில், எதையும் மாற்றாமல், ஒரு 'கிளிக்'கும் இல்லாமல் தீர்ந்தால் ஸ்பிரிங்குக்கும் புதிய பிரைமருக்கும் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. மீண்டும் நின்றால், அப்போது துப்பாக்கியைப் பழுதுபார்ப்பவரிடம் எடுத்துச் செல்லலாம்; குழல் குறித்த வெடிக்காத தோட்டாவையும், அதன் அருகில் வைத்துப் பார்க்க ஒழுங்காக வெடித்த ஒரு கூட்டையும் உடன் எடுத்துச் சென்றால், அவர் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்திருக்கும். வெடிக்காத தோட்டா இன்னும் உயிருள்ளது என்பதால், அதைக் கடைக்குள் கொண்டுபோவதற்கு முன் அவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்; அவர் வேண்டாம் என்றால் குழியை நெருக்கமாகப் படமெடுத்துக் காட்டினால் போதும்.